பௌர்ணமி வாரத்தில் விளக்குப்பொறி ஏன் காலியாகிறது? தோட்டத்து அந்துப்பூச்சிப் பதிவு குறித்து

கொடைக்கானல் அருகே பெருமாள்மலை வாசகி, 14 மே 2025

ஐயா, வீட்டுத் தோட்டத்தில் ஒரு வாளியின் மேல் புனலும் புற ஊதாக் குழல்விளக்கும் பொருத்தி, உள்ளே முட்டை அட்டைகளை அடுக்கி, இரவில் வந்து சேரும் அந்துப்பூச்சிகளைக் காலையில் குறித்து வருகிறேன். ஏப்ரல் கடைசியில் அட்டைகளைத் திருப்பத் திருப்பப் பூச்சிகளாகவே இருந்தன. எண்ணி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடும். சித்ரா பௌர்ணமியை ஒட்டிய இரவுகளிலோ அட்டைக்கு ஒன்று இருந்தாலே அதிகம். சரிவில் எங்களுக்குக் கீழே உள்ள காப்பித் தோட்டத்தில் அந்த வாரம்தான் மருந்தடித்தார்கள். மருந்துதான் பூச்சிகளை ஒழித்துவிட்டது என்று ஊர்க் குழுவில் எழுதப் போகிறேன். எண்கள் கையில் இருக்கின்றன. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

கோத்தகிரியிலிருந்து, 14 மே 2025, இரவு

ஊர்க் குழுவில் எழுதுவதைச் சிறிது தள்ளிப்போடுங்கள். ஏப்ரல் 27 அமாவாசை. மே 12 பௌர்ணமி. மருந்தடிப்பதற்கு முந்தைய இரவுகளையும் பிந்தைய இரவுகளையும் ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு, இருட்டு இரவுகளையும் நிலவு இரவுகளையும் ஒப்பிட்டிருக்கிறீர்கள். இரண்டு மாற்றங்களும் ஒரே வாரத்தில் நேர்ந்துவிட்டபடியால், எது காரணம் என்பதை இந்த எண்களைக் கொண்டு மட்டும் பிரித்தறிய இயலாது. அந்த இரவுகளில் வானம் மூடியிருந்ததா, திறந்திருந்ததா என்று ஏட்டில் எழுதியிருந்தால் சொல்லுங்கள்.

15 மே 2025

"வானத்தைப் பற்றி எழுதவில்லை, பூச்சிகளை மட்டும்தான் எழுதினேன்" என்று பதில் வந்திருக்கிறது. பெரும்பாலானோர் ஏடு இப்படித்தான் தொடங்குகிறது.

நிலவின் தாக்கம் புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சி. பி. வில்லியம்ஸ் 1933 முதல் சில ஆண்டுகள் விளக்குப்பொறியை இயக்கி, நிலவொளியில் பிடிபடும் எண்ணிக்கை குறைவதைக் கணக்கிட்டு எழுதினார். நிலவு நாட்களில் பூச்சிகளே குறைவாகப் பறக்கின்றனவா, அல்லது அவை வழக்கம்போலப் பறந்தும் விளக்கு மட்டும் எடுபடாமல் போகிறதா என்பதில் இரண்டு பக்கமும் பேசுவோர் உண்டு. ஏடு எழுதுபவருக்கு இரண்டும் ஒன்றே: பௌர்ணமி எண்ணையும் அமாவாசை எண்ணையும் அருகருகே வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பௌர்ணமியைப் பௌர்ணமியோடு ஒப்பிடுங்கள்.

பொறி இழுக்கும் தொலைவையும் பலர் மிகையாகக் கருதுகிறார்கள். மலைச்சரிவில் ஒரு விளக்கைப் போட்டால் எதிர்மலையிலிருந்தும் பூச்சிகள் கிளம்பி வரும் என்று தோன்றும். பூச்சிகளுக்கு அடையாளம் இட்டு விட்டுப் பார்த்த ஆய்வுகளில், சிறிய குழல்விளக்கின் வீச்சு சில பத்து மீட்டர்களைத் தாண்டவில்லை. ஆகவே உங்கள் வாளியில் விழுந்தது காப்பித் தோட்டத்தின் மக்கள்தொகைக் கணக்கு ஆகாது. உங்கள் வேலியோரத்தை அந்த இரவில் கடந்து சென்றவற்றுள் விளக்கில் தடுமாறியவற்றின் கணக்கு.

16 மே 2025

மருந்தைப் பற்றிய ஐயத்தை நான் தள்ளிவிடவில்லை. மருந்துதான் காரணமென்றால் எண்ணிக்கை எல்லா வகைகளிலும் ஒரே அளவில் சரிந்திருக்காது. இலையைத் தின்னும் புழுக்கள் முதலில் சாகும். அவற்றின் அந்துப்பூச்சிகள் இல்லாமற்போவது சில வாரங்கள் கழித்தே பொறியில் தெரியும். ஆகவே மொத்த எண்ணை விட்டுவிட்டு, எளிதில் அடையாளம் தெரியும் மூன்று நான்கு வகைகளை மட்டும் தனியே பின்தொடருங்கள்.

என் பரிந்துரை சையானா. வெள்ளை இறக்கையில் சிவப்புக் கோடுகள் ஓடும் சிறிய பூச்சி. ஒருமுறை பார்த்தால் மறக்காது. இதன் புழு மரப்பட்டையில் படரும் கற்பாசியைத் தின்று வளர்கிறது. கூட்டுப்புழு ஆகும்போது தன் உடல் மயிர்களையே நட்டுப் பின்னி ஒரு சதுரக்கண் வலைக்கூண்டு கட்டி, அதன் நடுவில் தொங்கும். வேலியோரத்துச் சில்வர் ஓக் மரத்தடியில் அப்படியொன்றைக் கண்டேன். கூண்டின் கண்கள் கொசுவலைக் கண்களைவிடப் பெரியவை, உள்ளிருப்பது முழுவதும் வெளியே தெரிகிறது, ஆனாலும் எறும்புகள் கூண்டைச் சுற்றி நடந்து, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிச் சென்றன. காப்பித் தோட்டத்து நிழல் மரங்களின் பட்டையில் மருந்து படிந்தால் முதலில் அடிவாங்க வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று என்பது என் ஊகம்.

21 மே 2025

ஏட்டில் என்னென்ன எழுத வேண்டும் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நேற்றைய பக்கத்தை அப்படியே தருகிறேன்.

"மே 20 இரவு. விளக்கு மாலை ஏழு முதல் காலை ஐந்தரை வரை. நள்ளிரவுக்கு முன் மின்சாரம் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தது. பத்து மணியிலிருந்து மூடுபனி, காற்று இல்லை, தூறல் இல்லை. தேய்பிறை; நிலவு நள்ளிரவுக்குப் பின். குறைந்த வெப்பநிலை 15. அதே வாளி, அதே குழல்விளக்கு, அதே இடம்."

பூச்சிகளின் பட்டியல் இதற்குக் கீழேதான் தொடங்கும். தேதியைப் பொறுத்தவரை, விளக்கு ஏற்றிய மாலையின் தேதியையே இரவு முழுவதற்கும் எழுதுங்கள். காலையில் எண்ணுபவர் காலைத் தேதியையும் மாலையில் எழுதுபவர் மாலைத் தேதியையும் போட்டு, ஒரே இரவு இரண்டு இரவாகிவிட்ட ஏடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்றும் வராத இரவையும் எழுத வேண்டும். இதைச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். ஒன்றுமில்லாததை எதற்கு எழுதுவது என்கிறார்கள். நல்ல இரவுகள் மட்டும் உள்ள ஏட்டை வைத்துக்கொண்டு, பூச்சிகள் குறைகின்றன என்றும் சொல்ல முடியாது, கூடுகின்றன என்றும் சொல்ல முடியாது. அந்த ஏடு எழுதியவரின் உற்சாகத்தை மட்டுமே பதிவு செய்திருக்கிறது.

28 மே 2025

பெருமாள்மலை வாசகி கோபமாக எழுதியிருக்கிறார்: "அமாவாசை வந்தது, போனது. பொறியில் பத்துப் பூச்சிகூட இல்லை. உங்கள் நிலவுக் கணக்கு எங்கே?"

கோபம் நியாயமானதே. ஆனால் தென்மேற்குப் பருவமழை இந்த ஆண்டு மே 24 அன்றே கேரளத்தில் இறங்கிவிட்டது. நீலகிரிக்கு 25, 26 ஆகிய இரண்டு நாட்களும் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. இங்கே மரக்கிளைகள் முறிந்து விழுந்த காற்றில் நான் வாளியை வெளியே வைக்கவேயில்லை. உங்கள் பக்கம் மழை அவ்வளவு இல்லாவிட்டாலும் காற்று இருந்திருக்கும். காற்றடிக்கும் இரவில் சிறிய அந்துப்பூச்சி இலைக்கடியைவிட்டு நகராது. நிலவு என்பது பல காரணங்களுள் ஒன்று. இருட்டாக இருந்தும் பொறி காலியாகக் கிடக்கலாம் என்பதற்கு மே 27 நல்ல எடுத்துக்காட்டு. இந்த முறை நீங்கள் காற்றைக் குறித்திருக்கிறீர்கள் என்பதைக் கவனித்தேன்.

என் அனுபவத்தில் மிகுந்த பூச்சிகள் வரும் இரவு இப்படி இருக்கும்: பகலில் வெயில், மாலையில் கோடை மழை ஒரு பாட்டம், பின் மேகம் கவிந்து, புழுக்கம் குறையாமல், இலை அசையாத இருட்டு. மெல்லிய மூடுபனி கெடுதல் செய்வதில்லை. கையை நீட்டினால் விரல் தெரியாத பனி விளக்கையே விழுங்கிவிடும்.

2 ஜூன் 2025

"குழல்விளக்கெல்லாம் குழந்தை விளையாட்டு, 125 வாட் பாதரச ஆவி விளக்கைப் போடுங்கள், வாளி நிரம்பும்" என்று குன்னூர் நண்பர் ஒருவர் அறிவுரை கூறியிருக்கிறார். வாளி நிரம்பும் என்பது உண்மை. அந்த விளக்கு கொதிக்கும் சூட்டில் எரியும். நம் ஊர்த் தூறலில் ஒரு துளி பட்டால் கண்ணாடி தெறிக்கும். அதன் வெளிக்கண்ணாடி உடைந்த பிறகும் எரிந்தால் கண்ணுக்கும் தோலுக்கும் கேடு. பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கையின்படி பொது வெளிச்சத்துக்கான இவ்வகை விளக்குகளின் உற்பத்திக்கும் வணிகத்துக்கும் 2020 கெடுவாக வைக்கப்பட்டது. ஆகவே இன்று வாங்கிய விளக்கு பழுதானால் நாளை அதே விளக்கு கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

இந்தக் கடைசிக் காரணமே எனக்குப் பெரிதாகப்படுகிறது. ராதம்ஸ்டெட்டின் பொறிகள் இன்றும் பழைய 200 வாட் இழை விளக்கைக் கொண்டே இயங்குகின்றன. அதைவிடப் பன்மடங்கு பூச்சிகளை இழுக்கும் விளக்குகள் வந்தும் அவர்கள் மாற்றவில்லை. மாற்றாததால்தான், 1968 முதல் 2017 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் பிரித்தானியாவின் பெரிய அந்துப்பூச்சிகளின் மொத்த எண்ணிக்கை 33 விழுக்காடு குறைந்தது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. இடையில் ஒருமுறை விளக்கை மாற்றியிருந்தால், எண்ணிக்கை கூடிவிட்டதாகக் கொண்டாடியிருப்பார்கள்.

விளக்கை மாற்றியே தீர வேண்டுமென்றால் மாற்றுங்கள். ஆனால் புதிய ஏடு தொடங்குங்கள்.

3 ஜூன் 2025

வாளி வாங்க வசதியில்லாத மாணவர்கள் கேட்டதற்காக: ஒரு வெள்ளை வேட்டியைக் கொடிக்கயிற்றில் தொங்கவிட்டு முன்னால் விளக்கைப் போட்டாலும் பூச்சிகள் வந்து அமரும். புது வேட்டியைவிட, சலவைத்தூளில் பலமுறை துவைத்த வேட்டி நன்றாக ஒளிரும். தூளில் கலக்கப்படும் வெண்மையூட்டி புற ஊதாவை வாங்கி நீலமாகத் திருப்பித் தருகிறது. ஆனால் வேட்டிக்கு முன் நீங்கள் எவ்வளவு நேரம் விழித்திருந்தீர்களோ அவ்வளவே உங்கள் பதிவு. வாளி விடியும் வரை விழித்திருக்கும். வேட்டிக் கணக்கை வாளிக் கணக்கோடு கூட்டாதீர்கள். வீட்டுப் பெரியவரின் வேட்டியை எடுத்தால் செதிலும் எச்சமும் பட்டபின் திருப்பித் தர இயலாது என்பதையும் முன்பே சொல்லிவிடுகிறேன்.

19 ஜூன் 2025

காலையில் எத்தனை மணிக்குப் பொறியைத் திறப்பது என்ற கேள்விக்கு என் பதில்: செம்மீசைச் சின்னானுக்கு முன். இந்தப் பறவைக்கும் குண்டுக்கரிச்சானுக்கும் பொறி இருக்கும் இடம் ஒரே வாரத்தில் பழகிவிடும். வாளியின் வெளிப்புறத்திலும் சுவரிலும் அமர்ந்திருப்பவற்றை விடியுமுன் பொறுக்கித் தின்றுவிட்டு, நான் கதவைத் திறந்தால் கொய்யா மரத்திலிருந்து மேற்பார்வை பார்க்கின்றன. சுவரில் இருந்தவற்றை முதலில் எண்ணி வாளிக்குள் இருந்தவற்றிலிருந்து பிரித்து எழுத வேண்டும், ஏனெனில் சுவர்க் கணக்கில் பறவையின் பங்கு எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. எண்ணி முடித்தவற்றைத் திறந்த புல்வெளியில் கொட்டினால் அது பறவைகளுக்குப் பந்தி வைப்பதாகும். அடர்ந்த புதரின் அடியில், ஒவ்வொரு நாளும் வேறு இடத்தில் விடுங்கள்.

வாளிக்குள் கையை விடும் முன் பாருங்கள். கொட்டும் பெரிய குளவியான கதண்டும் விளக்குக்கு வரும். குளிரில் அட்டைக்கடியில் அசையாமல் இருக்கும். விரலின் சூடு பட்டால் விழித்துக்கொள்ளும். வால்நுனியில் மஞ்சள் மயிர்க்கற்றை உள்ள யூப்ராக்டிஸ் பூச்சிகளைத் தொட்டால் நாள் முழுவதும் அரிப்பு இருக்கும்.

இன்று காலை அடிப்பகுதி அட்டையில் கன்வால்வுலை எனப்படும் சாம்பல்நிறப் பருந்து அந்துப்பூச்சி இருந்தது. இறக்கை மடங்கியிருந்தபோது அட்டையின் நிறமும் அதன் நிறமும் ஒன்றே. குச்சியால் மெல்ல நகர்த்தியவுடன் இறக்கையைச் சற்றே உயர்த்தியது. வயிற்றின் இருபுறமும் ரோஜா நிறமும் கறுப்புமாக வளையங்கள் தெரிந்தன. பிறகு நடுங்கத் தொடங்கியது. இறக்கையின் விளிம்பு மங்கலாகும் அளவுக்கு மட்டுமே அசைவு. விரல்மேல் ஏற்றிக்கொண்டபோது சட்டைப் பையில் கைபேசி அதிர்வதுபோல் இருந்தது. பறக்கும் தசைகள் முப்பது டிகிரிக்கு மேல் சூடேறாமல் இவ்வளவு பெரிய உடல் எழும்பாது. குளிர்ந்த காலையில் அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். படமெடுக்க விரும்புவோர் அந்த நிமிடங்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம். காற்றில் தூக்கி எறிந்து பறக்கவிட முயலாதீர்கள், கீழே விழும்.

26 ஜூன் 2025

நேற்று அமாவாசை, காற்று ஓய்ந்திருந்தது, பூச்சிகள் நிறைந்திருந்தன. பெருமாள்மலையிலும் அப்படியே என்று செய்தி. மே மாதக் கோபம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்ததால் ஒரு சோதனை செய்து காட்டினேன். விளக்கைச் சுற்றி அந்துப்பூச்சிகள் பறக்கும்போது சாவிக்கொத்தைக் குலுக்கினால், சில பூச்சிகள் சட்டென்று இறக்கையை மடக்கிக் கீழே விழும். சாவிகள் உரசும்போது நம் செவிக்கு எட்டாத உயர் அதிர்வொலியும் எழுகிறது. வௌவாலின் ஒலியைக் கேட்கச் செவி வளர்த்துக்கொண்ட பூச்சிகள் அதற்கு அஞ்சி விழுகின்றன. எல்லாம் விழவில்லை, செவியில்லாத குடும்பங்களும் உண்டு. பிள்ளைகள் அதன்பின் இரவு முழுவதும் சாவியைக் குலுக்கியதால் அந்த இரவின் எண்ணிக்கையை ஏட்டில் சேர்க்கவில்லை, காரணத்தை மட்டும் எழுதினேன்.

ஒரு சிறுமி, பூச்சிகளுக்கு விளக்கு ஏன் பிடிக்கிறது என்று கேட்டாள். விட்டில் விளக்கின்மேல் ஆசைப்பட்டு மாய்கிறது என்றுதான் நாம் காலம்காலமாகச் சொல்லி வருகிறோம். 2024இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. அகச்சிவப்பு ஒளியில் அதிவேக ஒளிப்பதிவு செய்து பார்த்தபோது, பூச்சிகள் விளக்கை நோக்கி நேரே பாயவில்லை. விளக்குக்குத் தம் முதுகைக் காட்டியே பறந்தன. இரவிலும் தரையைவிட வானமே வெளிச்சமாக இருக்குமாதலால், வெளிச்சம் இருக்கும் பக்கம் மேல் என்று கொண்டு முதுகை அப்பக்கம் திருப்புவது அவற்றின் இயல்பு. பக்கவாட்டில் ஒரு விளக்கு இருந்தால் அந்த இயல்பே அவற்றைச் சுற்ற வைக்கிறது. விளக்குக்கு மேலே போய்விட்டால் தலைகீழாகக் கவிழ்ந்து விழ வைக்கிறது. அந்த ஆய்வில் விதிவிலக்காக நின்றவற்றுள் ஒன்று, நம் வீட்டு அரளிச்செடியில் புழுவாக வளரும் அரளிப் பருந்து அந்துப்பூச்சி. விளக்கருகே அது கவிழாமல் பறந்தது.

பதிவு எழுதுபவருக்கு இதில் ஒரு செய்தி உண்டு. பொறிக்கு வருவது பூச்சியின் விருப்பம் அன்று, தடுமாற்றம். ஒவ்வொரு வகையும் ஒவ்வோர் அளவில் தடுமாறுகிறது. பட்டியலில் ஒரு வகை நூறும் மற்றொன்று இரண்டும் இருந்தால், தோட்டத்திலும் அதே விகிதம் என்று கொள்ள வேண்டாம். ஒரு வகையின் இந்த ஆண்டு எண்ணை அதே வகையின் சென்ற ஆண்டு எண்ணோடு ஒப்பிடலாம். அதற்கு மேல் போகக் கூடாது.

23 ஜூலை 2025

தேசிய அந்துப்பூச்சி வாரம் நடக்கிறது. அமெரிக்காவில் 2012இல் தொடங்கிய இது உலகமெங்கும் ஜூலைக் கடைசியில் கொண்டாடப்படுகிறது. உதகையிலும் கூடலூரிலும் ஜூலைக் கடைசி என்றால் சாரலும் காற்றும். கொண்டாடுங்கள், ஆனால் இந்த ஒரு வாரத்துப் பட்டியலைக் கொண்டு நீலகிரியில் இவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கிழக்குச் சரிவில் உள்ள கோத்தகிரிக்கும் கொடைக்கானல் பக்கத்துக்கும் பெரிய மழை ஐப்பசியில்தான். எங்கள் நல்ல இரவுகள் அதற்கு முன்னும் கோடை மழையிலும் வருகின்றன.

இங்கே பழைய பட்டியல் ஏதும் உண்டா என்று கேட்டவருக்கு: உண்டு. ஜார்ஜ் ஹாம்ப்சன் நீலகிரியில் தேயிலை பயிரிட்டவர். இங்கே சேகரித்த அந்துப்பூச்சிகளைப் பற்றி 1891இல் எழுதினார். பின்னர் 1892 முதல் 1896 வரை இந்தியப் பகுதியின் அந்துப்பூச்சிகளை நான்கு தொகுதிகளில் விவரித்தார். இன்று நாம் எழுதும் பெயர்கள் பலவற்றுக்குப் பின்னால் அவர் பெயர் ஒட்டியிருப்பது இதனால்தான்.

அப்படியானால் அவர் காலத்தோடு ஒப்பிட்டுப் பூச்சிகள் குறைந்துவிட்டன என்று சொல்லலாமே என்றால், முடியாது. எது இருந்தது என்பதை அவர் எழுதினார். ஓர் இரவில் எத்தனை வந்தன, எத்தனை இரவுகள் ஒன்றும் வரவில்லை என்பதை அறிய வழியில்லை. ஒரு வகையை நாம் இன்று கண்டால், அது நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இருக்கிறது எனலாம். காணாவிட்டால் நம் பொறிக்கு வரவில்லை என்று மட்டுமே சொல்லலாம். புல்வெளியும் சோலையும் தேயிலையும் சீகையும் யூகலிப்டஸுமாக மாறிய நிலத்தில் இந்த ஒப்பீடு எவ்வளவு பயனுடையதாக இருந்திருக்கும் என்பதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

18 ஆகஸ்ட் 2025

பெயர்கள். இந்தியாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி வகைகள் உள்ளன. தமிழில் பெயர் பெற்றவை பெரும்பாலும் பயிரைத் தின்று நமக்கு அறிமுகமானவை: வைரமுதுகு அந்துப்பூச்சி, வெட்டுப்புழு, காய்த்துளைப்பான், உருளைக்கிழங்கு அந்துப்பூச்சி, 2018இல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்டு மக்காச்சோளத்தை நாசமாக்கிய படைப்புழு. முட்டைக்கோஸ் தோட்டத்தின் அருகில் பொறி வைப்பவர் வைரமுதுகை எண்ணியே களைத்துவிடுவார். விரற்கடை அளவுகூட இல்லாத அந்தப் பூச்சி இறக்கையை மடக்கினால் முதுகில் வெளிர் வைரக் கட்டங்கள் வரிசையாகத் தெரியும்.

ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படத்தை ஏற்றியதும் இயந்திரம் ஒரு பெயரைச் சொல்லும். அதை அப்படியே ஏட்டில் எழுதுபவர்களை வேண்டிக்கொள்கிறேன்: எழுதாதீர்கள். சாம்பல் நிறத்தில் சிறியதாக, சுவரில் சப்பையாக ஒட்டியிருக்கும் ஒரு கூட்டம் உண்டு. அவற்றுள் பல வகைகளை உடற்கூறு பார்க்காமல் வல்லுநரும் பிரிக்க மாட்டார்கள். "சாம்பல் சிறியது, நான்கு" என்று எழுதுவதில் இழிவு ஏதுமில்லை. தவறான பெயரோடு ஏட்டில் ஏறிய பூச்சியைப் பத்து ஆண்டு கழித்து யாரும் திருத்த முடியாது. படத்தின் எண்ணைப் பக்கத்தில் குறித்துவிட்டால் பின்னால் வருபவர் பெயர் வைத்துக்கொள்வார்.

ஒற்றையாக வந்தவற்றைப் பற்றியும் ஒருவர் கேட்டார்: பட்டியலில் பாதிக்கு மேல் ஒரே ஒருமுறை வந்தவையாக இருக்கின்றன, அவற்றை நீக்கிவிடலாமா? கூடாது. 1943இல் ஃபிஷர், கார்பெட், வில்லியம்ஸ் மூவரும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, மலேயாவின் பட்டாம்பூச்சிகளையும் ராதம்ஸ்டெட் பொறியின் அந்துப்பூச்சிகளையும் வைத்தே, ஒற்றையாக வரும் வகைகள் மிகுந்திருப்பதும் இரண்டாக வருபவை அதைவிடக் குறைந்திருப்பதும் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டவை என்று காட்டியது. ஒற்றைகளை நீக்கினால் அந்த ஒழுங்கே குலைந்துவிடும்.

9 அக்டோபர் 2025

எங்கள் தெருவில் வெள்ளை எல்இடி விளக்குகள் போட்டுவிட்டார்கள். பழைய மஞ்சள் சோடியம் விளக்கு எரிந்தவரை பொறிக்கு அதனால் தொல்லை இல்லை. புதிய விளக்கில் புற ஊதா அநேகமாக இல்லாவிட்டாலும் நீலம் உண்டு. தோட்டத்தில் நிழல் விழும் அளவுக்கு வெளிச்சம் வருகிறது. மாதம் முழுவதும் வளர்பிறையாகிவிட்டது. பொறியை வீட்டின் பின்பக்கம் மாற்றலாம் என்று முதலில் நினைத்தேன். மாற்றினால் இடம் மாறிய ஏடு. மாற்றாவிட்டால் வெளிச்சம் மாறிய ஏடு. இப்போதைக்குப் பழைய இடத்திலேயே வைத்து, விளக்கு வந்த தேதியைச் சிவப்பு மையால் குறித்து, பின்பக்கத்தில் இரண்டாவது வாளி ஒன்றும் வைத்திருக்கிறேன். இரண்டையும் ஓராண்டு இணையாக இயக்கினால் எவ்வளவு வேறுபாடு என்பது தெரியும். பக்கத்து வீட்டு அக்கா, ஒன்று போதாதென்று இரண்டாவது வாளியா என்று கேட்டார்.

24 அக்டோபர் 2025

பெருமாள்மலை வாசகி தம் ஏட்டின் படங்களை அனுப்பியிருக்கிறார். மே மாதத்து ஏட்டுக்கும் இதற்கும் உறவே இல்லை. காற்று, பனி, நிலவு, மின்வெட்டு எல்லாம் உண்டு. தீபாவளி இரவில் "அமாவாசைதான், ஆனால் மழையும் வெடிப்புகையும்" என்று எழுதி அதை ஒப்பீட்டிலிருந்து ஒதுக்கியிருக்கிறார்.

செப்டம்பரில் காப்பித் தோட்டத்தில் மீண்டும் மருந்தடித்திருக்கிறார்கள், இம்முறை மகாளய அமாவாசையை ஒட்டி. மொத்த எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் அதற்குப் பின் வந்த வாரங்களில் சையானா ஒன்றுகூட இல்லை. "இப்போது என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

இது மே மாதத்துச் சான்றைவிடப் பலமடங்கு வலிமையானது. மொத்தம் நிலைத்திருக்க ஒரு வகை மட்டும் மறைவதை நிலவின்மேலோ காற்றின்மேலோ ஏற்ற முடியாது. ஆனால் அதே பக்கத்தின் ஓரத்தில், அவர் கையெழுத்திலேயே, "கீழ்த்தோட்டத்தில் சில்வர் ஓக் கிளை கழிக்கிறார்கள்" என்றும் இருக்கிறது. கற்பாசி படர்ந்த கிளைகளே வெட்டப்பட்டுவிட்டால் மருந்து இல்லாமலும் அந்தப் பூச்சி மறையும். அடுத்த முறை மருந்து மட்டும் அடித்து, கிளை கழிக்காமல் இருந்தால் பார்ப்போம். தோட்டக்காரரிடம் கேட்டு மருந்தின் பெயரையும் நாளையும் வாங்கி எழுதிக்கொள்ளுங்கள். குழுவில் குற்றஞ்சாட்டுவதைவிட அவர் இதற்கு எளிதில் உடன்படுவார்.

25 அக்டோபர் 2025

பதில் வந்துவிட்டது. தோட்டக்காரர் பெயரையும் நாளையும் தந்ததோடு, பொறியைப் பார்க்க வேண்டும் என்று காலையில் வந்து, அவருடைய பயிரைத் தின்பது இவற்றுள் எது என்று கேட்டாராம். வாசகி காட்டியிருக்கிறார்.

11 ஜனவரி 2026

உதகை வாசகர்: "புல்லெல்லாம் உறைபனி. பொறியில் ஒன்றும் இல்லை. மார்ச் வரை நிறுத்திவிடலாமா?"

ஒவ்வோர் இரவும் வைக்க வேண்டியதில்லை. வாரத்தில் ஒன்று போதும், ஆனால் கிழமையை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். இன்று கதகதப்பாக இருக்கிறது என்று பார்த்து வைத்தால், குளிர்கால ஏட்டில் கதகதப்பான இரவுகள் மட்டுமே இருக்கும். மாலை வெப்பநிலையை எழுதிவந்தவர்கள், குறைந்த வெப்பநிலையையும் சேர்த்து எழுதுங்கள். உறைபனி நாட்களில் மாலை ஏழு மணிக்கும் விடியற்காலைக்கும் இடையே வேறுபாடு மிகப் பெரிது. வருகிற சிலவும் முன்னிரவிலேயே வந்துவிடுகின்றன.

பொறி வைத்தும் ஒன்றும் வராத இரவுக்குச் சுழி போடுங்கள். பொறி வைக்காத இரவுக்குக் கோடு போடுங்கள். கட்டத்தை வெறுமையாக விட்டால் எது எது என்று உங்களுக்கே அடுத்த மாதம் தெரியாது. ஏட்டைக் கணினியில் ஏற்றித் தருகிறவர்கள், கோடுகள் எல்லாவற்றையும் சுழியாக மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளவும். சென்ற வாரம் எனக்கு வந்த இரண்டு கோப்புகளில் அப்படி ஆகியிருந்தது, திருப்பி அனுப்பியிருக்கிறேன்.